மூளையில் தூங்கும் ஸ்டெம் செல்களை எழுப்ப முடியுமா? அப்பாவுக்காகக் கேட்கிறேன்

அல்சூர் ராஜி | ஞாயிறு, இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 76. திருப்பத்தூர் பக்கம் கிராமத்தில் பிறந்து, பிழைப்புக்காகப் பெங்களூர் வந்து, பின்னி மில்லில் வேலை பார்த்தவர். இருபது வருடமாகத் தினமும் காலையில் அல்சூர் ஏரியோரம் நடக்கிறார். போன மாதம் ஒருநாள் எட்டு மணி ஆகியும் வீடு திரும்பவில்லை. தேடிப் போனால் திருவள்ளுவர் சிலைக்கு எதிரில் நின்றுகொண்டிருக்கிறார். 2009-ல் அந்தச் சிலையைத் திறந்த அன்று கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தவர் அவர். அங்கிருந்து எங்கள் வீடு பத்து நிமிட நடை. "நான் இங்கேதாம்மா இருக்கேன், வழிதான் எங்கேயோ போயிடுச்சு" என்றார்.

உறவினர் ஒருவர் ஒரு கிளினிக்கைச் சொன்னார். பெயர் வேண்டாம். அங்கே சொன்னது இது: வயதானவர் மூளையிலும் ஸ்டெம் செல்கள் உண்டு, அவை தூங்குகின்றன, இடுப்பெலும்பிலிருந்து செல்களை எடுத்து முதுகுத்தண்டு வழியாகச் செலுத்தினால் தூங்குபவை விழித்துப் புது நரம்பு செல்களை உண்டாக்கும். மூன்று தவணை, மொத்தம் நாலரை லட்சம். நகையை வைத்தால் கட்டிவிடலாம்.

மூளையில் ஸ்டெம் செல் இருப்பது நிஜமா? நிஜம் என்றால் இத்தனை வருடம் அவை ஏன் சும்மா கிடக்கின்றன? எழுப்பினால் நல்லதுதானே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி நெருக்குகிறார்கள்.

---

செல்வம்_பெல்லாரி ரோடு | ஞாயிறு, இரவு 11:15

ராஜி அக்கா, முதலில் ஒன்று. பணம் கட்டாதீர்கள். காரணத்தை நிதானமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் சுண்டெலி மூளையில் இந்த செல்களைத்தான் ஐந்து வருடமாகப் பார்க்கிறேன். கிளினிக்காரர்கள் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் அது ஆபத்து. வளர்ந்த பாலூட்டிகளின் மூளையில் இரண்டு இடங்களில் நரம்பு ஸ்டெம் செல்கள், அதாவது புது நரம்பு செல்களைப் பெற்றெடுக்கும் தாய் செல்கள், இருக்கின்றன. ஒன்று, மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைகளின் பக்கச்சுவர். இன்னொன்று, புது நினைவுகளையும் வழிகளையும் பதிக்கும் ஹிப்போகாம்பஸ். அப்பா வழி தவறியதைப் படித்ததும் எனக்கு அந்த இடம்தான் நினைவுக்கு வந்தது.

எலியின் ஹிப்போகாம்பஸிலிருந்து சீவிய துண்டு ஒன்றைக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்போம். 40 மைக்ரான் தடிமன். இருபத்தைந்து துண்டுகளை அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர். சாயம் ஏற்றி இருட்டறையில் பார்த்தால் நரம்பு செல்கள் ஒரு வளைந்த பட்டையாக நெருங்கி நிற்கும். அந்தப் பட்டையின் உள்விளிம்பில், இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஸ்டெம் செல்கள். அடியில் உருண்டை உடல், பட்டையை ஊடுருவி நேராக ஏறும் ஒற்றைத் தண்டு, உச்சியில் சிலிர்த்துப் பிரியும் மெல்லிய கிளைகள். வயலோரத்தில் நிற்கும் ஒற்றைப் பனை மாதிரி இருக்கும். முதல்முறை பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டுக்கே போகவில்லை.

அறைச்சுவரில் இருப்பவை இன்னும் அழகு. சுவரைப் போர்த்தியிருக்கும் செல்கள் கோலத்துப் பூவின் இதழ்கள் மாதிரி வட்டமாக அமைந்திருக்கும். நடுப்புள்ளியில் ஸ்டெம் செல் தன் ஒற்றை ரோமத்தை மட்டும் நீருக்குள் நீட்டியிருக்கும். அதன் மறுமுனை நீண்டு போய் ரத்தக் குழாயைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு கை நீரில், ஒரு கை ரத்தக் குழாயில். இரு பக்கத்திலிருந்தும் அதற்குச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது.

தூங்குவது நிஜமா என்றால், நிஜம். எந்த நேரத்தில் பார்த்தாலும் பெரும்பாலானவை, ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகாமல், அடங்கியே இருக்கும். 1999-ல் ஃபியோனா டெட்ச், அல்வாரெஸ்-புய்யா குழுவினர் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. பிரிந்துகொண்டிருக்கும் செல்களை மட்டும் கொல்லும் மருந்தை எலி மூளையில் ஆறு நாள் செலுத்தினார்கள். சுறுசுறுப்பாக இருந்தவை எல்லாம் செத்தன. தூங்கியவை தப்பின. மருந்தை நிறுத்தியதும் அவை எழுந்து, இரண்டு வாரத்திற்குள் அழிந்த செல்கள் எல்லாவற்றையும் மறுபடி உண்டாக்கிவிட்டன. தூங்கியதால்தான் பிழைத்தன.

இனி உங்கள் கேள்வி: எழுப்பினால் நல்லதுதானே? தூக்கம் தானாக வருவதில்லை, அக்கா. அக்கம்பக்கத்து செல்கள் சேர்ந்து தூங்க வைக்கின்றன. பி.எம்.பி என்ற புரதம் ஒரு பக்கம். நாட்ச் என்ற இன்னொரு ஏற்பாடு. அது செல்லும் செல்லும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் வேலை செய்யும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஸ்டெம் செல் பெற்ற பிள்ளை செல்களே தாயைத் தொட்டு, "போதும், நீ படு" என்று அந்தச் சேதியைக் கொடுக்கின்றன.

2010-ல் சில குழுக்கள் தனித்தனியாக இந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிப் பார்த்தன. ஒருவர் பி.எம்.பி-யைத் தடுத்தார், மற்றவர்கள் நாட்ச்சை நிறுத்தினார்கள். முதலில் செல்கள் திமுதிமுவென்று எழுந்தன, புது நரம்பு செல்கள் கூடின. அந்த மட்டில் நிறுத்தியிருந்தால் பெரிய வெற்றி என்று எழுதியிருப்பார்கள். காத்திருந்து பார்த்ததில் இருப்பே தீர்ந்துபோயிருந்தது. ஸ்டெம் செல் இல்லை, அப்புறம் புது நரம்பு செல்லும் இல்லை.

விதைநெல்லைக் குத்திச் சோறாக்கின கதைதான். அன்றைக்கு வயிறு நிறையும். ஆடியில் விதைக்க எதுவும் இருக்காது.

---

குமரன்_கேஜிஎஃப் | திங்கள், காலை 6:50

செல்வம் சார், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எல்லாமே சுண்டெலி. நான் உயிரியல் ஆசிரியர், மாணவர்களுக்குத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் கேட்கிறேன்.

முதிர்ந்த மூளையில் எல்லாம் சாகலாம், எதுவும் மறுபடி பிறக்காது என்று நரம்பியலின் முன்னோடி ராமோன் இ கஹால் சொன்னதைத்தான் நாங்கள் படித்தோம். 1960-களில் ஜோசப் ஆல்ட்மன், கோபால் தாஸ் இருவரும் வளர்ந்த எலியில் புது நரம்பு செல் இருப்பதைக் காட்டியும் பல வருடம் யாரும் சட்டை செய்யவில்லை. 1980-களில் கேனரிக் குருவிகளை வைத்து நாட்டபாம் காட்டிய பிறகுதான் காற்று திரும்பியது. இதெல்லாம் சரி.

2018-ல் என்ன ஆயிற்று? நீங்கள் சொன்ன அதே அல்வாரெஸ்-புய்யா குழு மனித ஹிப்போகாம்பஸைப் பார்த்துவிட்டு, குழந்தைப் பருவத்திலேயே இது வேகமாகக் குறைகிறது, பெரியவர்களில் கண்ணில் படவே இல்லை என்றது. நாட்டபாமிடம் குருவி மூளையைப் படித்து வந்தவர், வாழ்நாள் முழுக்க புது நரம்பு செல்லைத் தேடியவர், மனிதனில் இல்லை என்கிறார். அதை லேசாக ஒதுக்க முடியுமா? எலிக்கு உண்டு என்பதால் ராஜி அம்மாவின் அப்பாவுக்கும் உண்டு என்று நாம் பேசுவது சரியா?

---

பனசங்கரி டாக்டர் | திங்கள், மதியம் 2:20

குமரன் சாரின் கேள்வி நியாயமானது. நான் நோயியல் துறையில் முப்பது வருடம் இருந்தவள். இந்தச் சண்டையில் பாதி ஃபார்மலின் சண்டை என்பது என் கருத்து.

நம் பெங்களூர் நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது, பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம். கையுறை போட்டுக்கொண்டு ஒரு நிஜ மனித மூளையைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். கெட்டியாக, அழுத்தினால் அமுங்காமல் இருக்கும். உயிரோடு இருக்கும் மூளை அப்படி இருக்காது. கெட்டித் தயிரைத் தட்டில் கவிழ்த்த மாதிரி, கை வைத்த இடத்தில் குழையும். ஃபார்மலின்தான் அதைக் கெட்டியாக்குகிறது. எப்படி? புரதங்களை ஒன்றோடொன்று பின்னிப் பூட்டிவிடுகிறது. அழுகாமல் காப்பதும் அந்தப் பூட்டுதான், நாம் தேடும் புரதத்தை மறைப்பதும் அதேதான்.

இளம் நரம்பு செல்லை அடையாளம் காட்டுவது டபுள்கார்ட்டின் என்ற புரதம். 2019-ல் மாட்ரிட் குழு ஒரே மூளையின் துண்டுகளை வெவ்வேறு நேரத்துக்கு ஃபார்மலினில் போட்டுப் பார்த்தது. குறைந்த நேரம் ஊறிய துண்டில் டபுள்கார்ட்டின் செல்கள் தெரிந்தன. நேரம் கூடக் கூட மங்கி மறைந்தன. கவனமாகப் பதப்படுத்திய மூளைகளில் 87 வயதுக்காரரிடம்கூட அவர்கள் கண்டார்கள். அல்சைமர் நோயாளிகளிடம் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. இறந்தவரின் உடல் எத்தனை மணி நேரம் கழித்து நம் கைக்கு வருகிறது, பிறகு எத்தனை நாள் திரவத்தில் கிடக்கிறது என்பதெல்லாம் எங்கள் அன்றாடப் பாடு. அதனால் எனக்கு அந்த விளக்கம் உடனே புரிந்தது.

சாயத்தை நம்பாத வழியும் ஒன்று உண்டு. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் அணுகுண்டு சோதனைகள் நடந்ததால் காற்றில் கார்பன்-14 ஏறி, பிறகு படிப்படியாக இறங்கியது. அது சாப்பாடு வழியாக நம் உடலில் சேர்ந்து, ஒரு செல் பிறந்த வருடத்தை அதன் டி.என்.ஏ-வில் எழுதி வைத்தது. ஸ்வீடனில் ஃபிரிசேன் குழு 2013-ல் அதை அளந்து, பெரியவர்களின் ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்கு சுமார் 700 புது நரம்பு செல்கள் சேர்வதாகக் கணக்கிட்டது. அதே குழு 2025-ல், பிரிந்துகொண்டிருக்கும் முன்னோடி செல்களையே பெரியவர்களின் மூளையில் மரபணு வாசிப்பு வழியாகக் கண்டது. சிலரிடம் நிறைய இருந்தன, சிலரிடம் அநேகமாக இல்லை.

செல்வம் சொன்ன அறைச்சுவரிலிருந்து மூளையின் முகரும் பகுதிக்கு எலியில் தினமும் ஆயிரக்கணக்கில் புது செல்கள் ஊர்ந்து போகும். மனிதரில் அந்த ஓட்டம் கைக்குழந்தைப் பருவத்தோடு அநேகமாக நின்றுவிடுகிறது. ஆக, குமரன் சார், "மனிதருக்கும் உண்டு, ஆனால் எலி அளவுக்கு இல்லை, ஆளுக்கு ஆள் மாறும், சர்ச்சை முழுதாக ஓயவில்லை" என்று வகுப்பில் சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொல்வேன்.

---

விஜயநகர் மீனா | திங்கள், மாலை 7:05

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கு நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் பரவி, தலை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். முகத்துக்கு வலைமுகமூடி செய்யும்போது டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நடுவில் இரண்டு சின்ன வளைவுகளைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, "இந்த இடத்தில் கதிர் படாமல் பார்த்துக்கொள்வோம், நினைவாற்றல் கெடாமல் இருக்கும்" என்றார். ஏன் அந்த இடம் மட்டும் என்று கேட்கும் நிலையில் அன்று நான் இல்லை. அது இந்த ஸ்டெம் செல்களுக்காகவா?

---

பனசங்கரி டாக்டர் | திங்கள், இரவு 8:30

ஆமாம் மீனா, அதற்காகவே. பிரியும் செல்களைக் கதிர்வீச்சு முதலில் தாக்கும். 2002-லேயே எலியில் பார்த்துவிட்டார்கள்: கதிர் பட்ட ஹிப்போகாம்பஸில் புது நரம்பு செல் உற்பத்தி ஏறத்தாழ நின்றது. அதைவிட முக்கியமாக, பழுதில்லாத ஸ்டெம் செல்லைக் கொண்டுபோய் அங்கே வைத்தாலும் அது நரம்பு செல்லாகவில்லை. சுற்றுப்புறமே அழற்சியால் கெட்டிருந்தது. பிற்பாடு அந்த இடத்தை விலக்கிக் கதிர் கொடுக்கும் முறையை 500-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. நினைவும் சிந்தனையும் கெடுவது குறைந்தது, உயிர் வாழும் காலம் குறையவில்லை. தம்பிக்குச் செய்தது சரியான காரியம்.

ராஜி, இதில் உங்களுக்கும் பதில் இருக்கிறது. இடம் கெட்டிருந்தால் வெளியிலிருந்து செல்லைக் கொட்டிப் பயனில்லை. இடுப்பெலும்பிலிருந்து எடுப்பவை நரம்பு ஸ்டெம் செல்லும் அல்ல.

---

அல்சூர் ராஜி | திங்கள், இரவு 10:10

எல்லோருக்கும் நன்றி. கிளினிக்கிலிருந்து இன்று இரண்டு முறை போன் வந்தது, எடுக்கவில்லை.

ஒரு சந்தேகம் செல்வம். நான் இதைத் தயிருக்கு உறை ஊற்றுவது போல நினைத்தேன். தினமும் ஒரு கரண்டி எடுத்து வைத்துவிட்டு மற்றதைச் சாப்பிடுகிறோம், மறுநாளும் தயிர் கிடைக்கிறது, தீருவதே இல்லை. ஸ்டெம் செல்லும் ஒன்று தனக்கு, ஒன்று வேலைக்கு என்று பிரிந்தால் ஏன் தீர வேண்டும்?

---

செல்வம்_பெல்லாரி ரோடு | திங்கள், இரவு 11:50

அக்கா, நீங்கள் கேட்டது இந்தத் துறையின் பெரிய வழக்கு. உறைமோரா, விதைநெல்லா?

2011-ல் இரண்டு ஆய்வுகள் எதிரும் புதிருமாக வந்தன. ஒன்று, ஒவ்வொரு செல்லாக அடையாளமிட்டுப் பின்தொடர்ந்து, அது தன்னையும் புதுப்பித்துக்கொண்டு பிள்ளைகளையும் பெறுகிறது என்றது. அது உங்கள் உறைமோர். மற்றொன்று, ஒருமுறை விழித்த செல் சில தடவை பிரிந்துவிட்டு, கடைசியில் சாதாரணத் துணை செல்லாக மாறித் தன் ஸ்டெம் குணத்தை இழக்கிறது, வயதாக ஆக இருப்பு குறைவது இதனால்தான் என்றது. அது விதைநெல்.

2018-ல் சூரிக்கில் யெஸ்பெர்கர் குழு உயிருள்ள எலியின் மூளைக்குள் நேரடியாகவே பார்த்தது. ஒரே செல்லை இரண்டு மாதம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். அவர்கள் அடையாளமிட்டவை ஒருமுறை எழுந்தால் மளமளவென்று பிரிந்து, பிறகு தீர்ந்தன. அது விதைநெல் பக்கம். அதே குழு 2021-ல் வேறு அடையாளம் போட்டுப் பார்த்தபோது, நீண்ட நாள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் செல்களும் கண்ணில் பட்டன. இரண்டு சாதியும் ஒரே இடத்தில் இருக்கின்றன போலும்.

எழுந்தது திரும்பப் படுக்குமா என்பதற்கும் பதில் உண்டு. செல்லை எழுப்ப ஆஸ்கல்1 என்ற புரதம் வேண்டும். லண்டனில் கியமோ குழு 2016-ல் கண்டது: ஹியூவி1 என்ற நொதி அந்த ஆஸ்கல்1-ஐச் சிதைத்துக்கொண்டே இருப்பதால் சில செல்கள் மறுபடி அடங்குகின்றன. அந்த நொதியை எடுத்துவிட்டால் எழுந்தவை படுப்பதில்லை, இருப்பு நாளடைவில் கரைகிறது.

கிளினிக்காரர் சொன்ன "எழுப்பிவிடுவோம்" என்ற சொல் எனக்கு ஏன் கோபம் மூட்டுகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். எழுப்புவது சுலபம். மறுபடி படுக்க வைக்க அந்த இடத்தின் முழு ஒத்துழைப்பும் வேண்டும்.

---

குமரன்_கேஜிஎஃப் | செவ்வாய், காலை 6:40

டாக்டர் அம்மா, வகுப்பில் நீங்கள் எழுதியபடியே சொல்கிறேன். ஒரே கேள்வி: நடைப்பயிற்சியால் இந்த செல்கள் பெருகும் என்கிறார்களே?

---

பனசங்கரி டாக்டர் | செவ்வாய், மதியம் 1:15

சக்கரத்தில் ஓடிய எலிகளில் புது நரம்பு செல்கள் கூடியது 1999-ல் இருந்தே உறுதி. மனிதரில் நேரடியாக எண்ண வழியில்லை. நடைக்கு இதயம், சர்க்கரை, தூக்கம் என்று வேறு நூறு காரணம் இருக்கிறது, அதுவே போதும்.

ராஜி, நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றுதான் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டும் நடக்கலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. அப்பாவுக்கு பி12, தைராய்டு பார்த்தீர்களா? எப்போதாவது கீழே விழுந்தாரா? தூக்க மாத்திரை எடுக்கிறாரா? மனச்சோர்வு உண்டா? இவற்றாலும் நினைவு தடுமாறும், சரி செய்யக்கூடியவை. முதலில் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

---

அல்சூர் ராஜி | அடுத்த ஞாயிறு, இரவு 9:00

கூட்டிப்போனேன். பி12 மிகக் குறைவு, ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். பி12 மட்டும்தான் காரணமா என்று மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நகை பீரோவிலேயே இருக்கிறது.

இன்று மாலை அப்பாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். காலையில் காபி குடித்தாரா என்பது நினைவில்லாதவர், விதைநெல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "யாரு அந்தப் பையன்? வெதநெல்லு சும்மா கெடக்கும்னா நெனைக்கிறான்?" என்றார். அப்புறம் அரைமணி நேரம் பேசினார். அறுத்த நெல்லில் நல்ல கதிராகப் பார்த்துத் தனியாக அடித்து, வெயிலில் காயவைத்து, பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டுமாம். ஈரம் இருந்தால் முளைத்துக் கெடும். நொச்சி இலை போட்டு வைத்து, குதிர் வாயைச் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசுவார்களாம். நடுவில் திறந்து, கைவிட்டுத் துழாவி, சூடு இருக்கிறதா, பூச்சி விழுந்ததா என்று பார்த்து மறுபடி காயவைக்க வேண்டுமாம். "தூங்குற நெல்லுக்குத்தான் வேல ஜாஸ்தி" என்றார். எழுதி அனுப்பச் சொன்னார், அனுப்பிவிட்டேன்.

---

செல்வம்_பெல்லாரி ரோடு | அடுத்த ஞாயிறு, இரவு 10:25

அக்கா, அப்பாவுக்கு என் வணக்கம். அவர் சொன்னது செல்லுக்குள்ளேயும் நடக்கிறது என்று சொல்லுங்கள். 2018-ல் ஆன் புரூனே குழு பார்த்தது: தூங்கும் ஸ்டெம் செல்லுக்குள் லைசோசோம் என்னும் குப்பை அரைக்கும் பைகள் பெரிதாக, நிறைய இருக்கின்றன. கெட்டுத் திரண்ட புரதங்கள் அங்கே சேர்ந்து கரைகின்றன. வயதானால் இந்தத் துப்புரவு மந்தமாகி, செல் எழ வேண்டிய நேரத்தில் எழ முடியாமல் போகிறது. அந்தப் பைகளைச் சுறுசுறுப்பாக்கியதும் வயதான எலியின் செல்கள் மறுபடி எழும் திறனைப் பெற்றன. இவ்வளவு நாள் நான் விதைநெல் என்று உவமை சொன்னேனே தவிர, நடுவில் குதிரின் வாயைத் திறந்து பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே ஸ்ரீராமபுரத்தில்.

நொச்சி இலையை எப்போது மாற்றுவார்கள் என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்வீர்களா? எங்கள் லேபில் அடுத்த மாதம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் பேசுகிறேன். சரியாகச் சொல்ல வேண்டும்.

---

அல்சூர் ராஜி | அடுத்த ஞாயிறு, இரவு 10:50

கேட்டேன். வாசம் போனதும் மாற்ற வேண்டுமாம்.

பத்து நிமிடம் கழித்து, கேட்டது யார் என்று மறுபடி விசாரித்தார். பெல்லாரி ரோட்டில் எலி மூளையைப் பார்க்கும் பையன் என்றேன். "நல்லா பாக்கச் சொல்லு" என்றார்.